நமது மலையை யார் அறிவார்?

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கியதும் தென்காசி ரஸ்தாக்களில் வண்டிகளுக்குக் குறைவிராது. சாரல் விழுந்துவிட்டது என்ற செய்தி பரவியவுடனே மதுரையிலிருந்தும், சென்னையிலிருந்தும், கொல்லத்திலிருந்தும் ஜனங்கள் குற்றாலத்தை நோக்கிப் புறப்படுகிறார்கள். பேரருவியில் தலையைக் கொடுக்கிறார்கள். ஐந்தருவியில் முதுகைக் கொடுக்கிறார்கள். குற்றாலநாதரைத் தரிசித்து, சித்திர சபையைக் கண்டு, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால், அந்த அருவி விழுகிற மலைத்தொடரைப் பற்றிக் கடந்த இருபது இருபத்தைந்து வருஷங்களில் விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டிருக்கும் செய்திகளில் ஒன்றையாவது அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் உண்டா? கூட்டத்தாரைக் குறை கூறுவானேன்? அரசியல் மேடைகளில் தேசத்தின் செல்வத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தன் வீட்டு நிலவறையில் என்ன இருக்கிறதென்று தெரியாதவன் அந்த வீட்டுக்கு உடையவன் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. அவன் அங்கே குடியிருக்கிறான், அவ்வளவே.

அந்த நிலவறையிலிருந்து அண்மையில் வெளிவந்த சில பொருள்களை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, ஒரு தவளை. 2003-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இங்கிலாந்திலிருந்து வெளிவரும் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில், கேரளத்து ஆராய்ச்சியாளர் எஸ். டி. பிஜுவும் பெல்ஜியம் தேசத்தவரான பிராங்கி போஸ்யூட்டும் ஒரு கட்டுரை எழுதினர். இடுக்கி மலையில் அகப்பட்ட அந்தத் தவளை பார்வைக்கு அழகுடையதன்று. ஊதிப் பெருத்த உடல், கத்தரிக்காயை ஒத்த கருநீல நிறம், மிகச் சிறிய கண்கள், பன்றியின் மூக்கைப் போல் முன்னே நீண்டு கூம்பிய முகம். வருஷத்தின் பெரும்பகுதியை அது மண்ணுக்கடியிலேயே கழிக்கிறது. கரையானைத் தின்று உயிர் வாழ்கிறது. மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் இணை சேர்வதற்காக மேலே வந்து, மறுபடியும் பூமிக்குள் புகுந்துவிடுகிறது. மலையாளத்தார் இதனைப் பாதாளத் தவளை என்றும், வருஷத்துக்கொரு முறை தன் நாட்டைக் காண வரும் மகாபலியை நினைத்து மாவேலித் தவளை என்றும் வழங்குகிறார்கள். பொருத்தமான பெயர்களே.

அதன் வாழ்க்கையைவிட வியப்பானது அதன் வம்சாவளி. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தத் தவளைக்கு நெருங்கிய உறவினர் இந்தியாவில் எங்கும் இல்லை என்று தெரிந்தது. இதன் உறவினர் இருப்பது ஏறக்குறைய 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், இந்து மகா சமுத்திரத்தின் நடுவில் கிடக்கும் ஸேஷல்ஸ் தீவுகளில்! அங்குள்ள அந்தத் தவளைகளில் ஒரு ஜாதி ஒரு சென்டிமீட்டர் அளவே வளரக்கூடியது. தவளையின் மெல்லிய தோல் உப்பு நீரைத் தாங்காது. அது கடலை நீந்திக் கடந்திருக்க முடியாது. அப்படியானால் உறவு எவ்வாறு நேர்ந்தது? தவளை கடலைக் கடக்கவில்லை. நிலந்தான் பிரிந்து நகர்ந்தது. இந்தியாவும், மடகாஸ்கரும், ஸேஷல்ஸும் ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன்னர் மடகாஸ்கர் பிரிந்தது. பிறகு, சுமார் ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன்னர் ஸேஷல்ஸும் பிரிந்தது. இந்தியா வடக்கே நகர்ந்து சென்று ஆசியாவோடு மோதியது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானியரான வேகனர் 1912-இல் சொன்னபோது பண்டிதர்கள் பலர் நகைத்தார்கள். கடல்களை அளந்து பிற்காலத்தார் அதை மெய்ப்பித்தார்கள். அதற்கு உயிருள்ள சாட்சியாக, மலை மண்ணுக்கடியில் இந்தத் தவளை அத்தனை கோடி வருஷங்களாக மௌனமாகக் காத்திருந்தது.

இந்தக் கதையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவராயிருந்த அன்னண்டேல் என்பவர் தென்னிந்திய மலைகளிலிருந்து கிடைத்த ஒரு தலைப்பிரட்டையை 1918-ஆம் வருஷத்திலேயே வருணித்து எழுதி வைத்திருந்தார். வேகமாக ஓடும் நீரில், பாறையை வாயினால் கவ்விப் பற்றிக்கொண்டு வாழும் விநோதமான பிராணி அது. எந்தத் தவளையின் குஞ்சு என்று எவருக்கும் புலப்படவில்லை. 2003-இல் தவளை வெளிப்பட்ட பிறகே அந்தக் குஞ்சுக்கும் தாய் தந்தையர் இன்னாரென்று தெரிந்தது. குஞ்சு ஏட்டில் பதிவாகியது 1918-இல். பெற்றோர் பதிவாகியது 85 வருஷங்கள் கழித்து. கோர்ட்டில் எத்தனையோ பழைய வாரிசு வழக்குகளைக் கண்டிருக்கிறோம். இதனைப் போன்ற வழக்கைக் கண்டதில்லை. இதிலும் கவனிக்கத்தக்கது ஒன்று. பண்டிதர்கள் அந்தக் குஞ்சு யாருடையது என்று திகைத்துக்கொண்டிருந்த காலத்தில், இடுக்கி மலையின் ஆதிவாசி மக்கள் அதனை ஓடைகளிலிருந்து பிடித்து உணவாகவே உண்டு வந்தார்கள். அறிவு மலையில் இருந்தது. அதனைக் கேட்பார்தான் இல்லை.

இடுக்கியும் கேரளமும் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்காக அடுத்த செய்தி. 2017-ஆம் வருஷத்தில் இதே வம்சத்தைச் சேர்ந்த இரண்டாவது தவளை ஒன்று அறிவிக்கப்பட்டது. அது கண்டெடுக்கப்பட்டது நமது ஜில்லாவை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில். ஹைதராபாத்திலுள்ள உயிரணு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் செய்த காரியம் அது. மேற்கே உள்ள தவளை தென்மேற்குப் பருவ மழைக்கு எழுந்து வருகிறது. கிழக்கே உள்ள தவளையோ வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி மழைக்கு எழுந்து வருகிறது. ஒரே மலைதான்; மேற்குப் புறத்திலே ஒரு மழை, கிழக்குப் புறத்திலே ஒரு மழை; அந்த இரண்டு மழைகளும் ஒரு குலத்தை இரண்டாகப் பிரித்து நிறுத்தியிருக்கின்றன. நமது குடியானவன் காருக்கும் பிசானத்துக்கும் வானத்தைப் பார்த்து வித்திடுவது போல, மண்ணுக்கடியில் இருக்கும் அந்த ஜீவனும் தன் பருவத்தை அறிந்து வைத்திருக்கிறது. அந்தத் தவளைக்கு இட்ட விஞ்ஞானப் பெயரில் பூபதி என்ற தமிழரின் பெயர் விளங்குகிறது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் ஸலீம் அலி பறவையியல் நிலையத்தில் ஊர்வனவற்றை ஆராய்ந்து வந்த சுப்பிரமணியம் பூபதி, 2014-ஆம் வருஷம் அகத்திய மலையில் ஆராய்ச்சிக்குச் சென்ற இடத்தில் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தவர். சிறைக்குச் சென்றவர்களையும் தடியடி பட்டவர்களையும் நாம் தேசத் தொண்டர்கள் என்கிறோம், அது சரியே. காட்டில் தவளைக் குரலைத் தேடிச் சென்று உயிரைக் கொடுத்தவரையும் அந்த வரிசையில் வைக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி, நமது வாசற்படிக்கே வருவோம். தென்காசியிலிருந்து மேற்கே பார்த்தால், செங்கோட்டைக்கு அப்பால் மலைச்சுவர் தாழ்ந்து ஒரு வாயில் தெரிகிறது. ஆரியங்காவுக் கணவாய் என்றும், செங்கோட்டைக் கணவாய் என்றும் அதனைச் சொல்கிறோம். 1904-இல் அந்த வழியாகத்தான் ரயில் மலையைக் குடைந்து புனலூருக்குச் சென்றது. நமக்கு அது வழி. ஆனால், உயர்ந்த சிகரங்களின் குளிரிலும் மூடுபனியிலும் வாழும் பிராணிகளுக்கு அது வழியன்று, மதில். குளிர்ந்த சோலையை விட்டுக் கீழே வெப்பமான பள்ளத்தில் இறங்கி அவற்றால் அக்கரை சேர முடியாது. ஆகையால் கணவாய்க்கு வடக்கே உள்ளவை ஒரு குலமாகவும், தெற்கே உள்ளவை வேறொரு குலமாகவும் காலப்போக்கில் மாறிவிடுகின்றன. மனிதன் வண்டி ஓட்டிச் செல்லும் பாதையே பிரகிருதியின் எல்லைக்கோடாக இருக்கிறது!

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நீலகிரியிலிருந்து தெற்கே உள்ள சோலைகளில் தரையோடு ஒட்டித் திரியும் நீல நிறமான சிறு பறவை ஒன்று உண்டு. வெகுகாலமாக அதனை இமயமலைப் பக்கத்துப் பறவைகளோடு ஒரே இனத்தில் சேர்த்து எழுதி வந்தார்கள். வி. வி. ராபினும் அவருடைய கூட்டாளிகளும் அதன் மரபணுவை ஆராய்ந்து, அந்த உறவு பொய் என்றும், இது தென்னாட்டு மலைகளுக்கே உரிய தனிக்குடும்பம் என்றும் 2017-இல் நிரூபித்தார்கள். அதில் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அசம்பு மலைகளில் வாழ்வது தனி ஜாதி என்பதும் அப்பொழுதுதான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பறவைக் குடும்பத்துக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன? 'ஷோலிகோலா'; சோலையில் வாழ்வது என்று பொருள். சோலை என்ற நமது சொல், லத்தீன் உடை உடுத்துக்கொண்டு உலகத்து விஞ்ஞான ஏடுகளில் ஏறிவிட்டது. தமிழ் உலக பாஷையாக வேண்டும் என்று மகாநாடு கூட்டுகிறவர்கள், ஒரு சிறு பறவை சந்தடியின்றிச் செய்துவிட்ட காரியத்தைக் கவனிப்பார்களாக.

அதே தென்மலைப் பகுதியிலிருந்து 2019-இல் ஒரு பாம்பும் வெளிப்பட்டது. பச்சைப் பாம்பை, கண்கொத்திப் பாம்பை, அறியாத சிறுவன் நமது கிராமங்களில் இல்லை. கண்ணைக் கொத்திவிடும் என்ற பயத்தினால் கண்ட இடத்திலேயே அடித்துக் கொன்றுவிடுகிறோம். அதன் விஷம் மனிதனைக் கொல்லக்கூடியதன்று. அது கண்ணைக் குறிவைப்பதும் இல்லை. ஆயினும் சிங்களவரும் இதே நம்பிக்கையினால் இதே பொருளில் அதற்குப் பெயரிட்டார்கள். அந்தச் சிங்களப் பெயரான 'அஹைத்துல்லா' என்பதே விஞ்ஞானப் பெயராகவும் நிலைத்துவிட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தாரும், சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த எஸ். ஆர். கணேஷும், பிறரும் சேர்ந்து அறிவித்த புதிய பாம்பு, பார்வைக்குப் பச்சைப் பாம்பைப் போலவே இருக்கிறது. ஆனால் மரபணுவைச் சோதித்தபோது, அது ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்னரே தனியே பிரிந்த குலம் என்று கண்டார்கள். 'புரோ-அஹைத்துல்லா ஆண்டிகுவா', அதாவது பச்சைப் பாம்புக்கு முந்தியது, புராதனமானது என்று பெயரிட்டார்கள். அத்தனை காலமாக மலைகள் தேய்ந்தன, காடுகள் மாறின, யானையும் புலியும் மனிதனும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் குலத்தின் ஒரே கொடி மட்டும் தென்கோடி மலைச் செடிகளில் சுற்றிக்கொண்டு பிழைத்திருக்கிறது. அதனைப் பார்த்தவர்கள் முன்பும் இருந்திருப்பார்கள். பச்சைப் பாம்புதானே என்று போயிருப்பார்கள்.

இவற்றையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கம்பெனியார் ஆட்சியில் குற்றால மலை அவர்களுடைய வாசனைப் பொருள் தோட்டமாக இருந்தது. ஜாதிக்காயும் இலவங்கமும் இங்கே பயிராகுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். ராபர்ட் ஒயிட் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1835, 1836-ஆம் வருஷங்களில் குற்றாலத்துச் செடிகொடிகளைச் சேகரித்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட பெரிய தாவரச் சித்திர நூலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. உழைப்பும் புலமையும் உள்ளவர். அதை மறுப்பது நன்றியின்மை. ஆனால் அந்த உழைப்பில் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டுச் சித்திரக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒயிட் கோவிந்துவை மறக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். பிற்காலத்துத் தாவர நூலார் அது முன்னரே வேறு பெயர் பெற்ற இனம் என்று கண்டு அந்தப் பெயரை வழக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். அது விஞ்ஞான விதி. அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆயினும் பெயரிடுகிறவன் ஒருவனாகவும், தீட்டுகிறவன் மற்றொருவனாகவும், சுமந்து வழிகாட்டுகிறவன் பெயரே அற்றவனாகவும் இருந்த காலத்துக்கு அந்த அழிந்த பெயர் ஓர் அடையாளமாக நிற்கிறது.

இன்று நிலைமை மாறிவிட்டது. மேலே நாம் சொன்ன தவளையையும் பறவையையும் பாம்பையும் அறிவித்தவர்களில் பெரும்பாலோர் இந்த தேசத்து ஆண்களும் பெண்களுமே. அட்டையும் மழையும் நிறைந்த காட்டில் இரவெல்லாம் அலைந்து, பகலில் ஆராய்ச்சிச் சாலையில் மரபணுக்களை ஒப்பிட்டு, உலகத்தார் மறுக்க முடியாத முறையில் அவர்கள் பேசுகிறார்கள். அறிவுத் துறையில் இதுவே சுயராஜ்யம். ஆனால் அந்தச் சுயராஜ்யம் ஆராய்ச்சிச் சாலையோடு நின்றுவிட்டது என்பதே நமது குறை. கட்டுரைகள் இங்கிலீஷில் வெளிவருகின்றன. உலகத்தாரோடு பேசுவதற்கு அது அவசியந்தான். ஆனால் மலையடிவாரத்தில் இருக்கும் வாசுதேவநல்லூரானுக்கும், கடையநல்லூரானுக்கும், பண்பொழியானுக்கும் அந்தச் செய்தியை அவன் பாஷையில் யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்? மலையாளத்தார் தங்கள் தவளைக்கு மகாபலியின் பெயரை வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். நமது கிழக்குச் சரிவுத் தவளைக்குத் தமிழ்நாட்டார் வாயில் வழங்கும் பெயர் என்ன? மலைச் சரிவில் ஆடு மேய்ப்பவரும் தேன் எடுப்பவரும் ஐப்பசி மழையில் மண்ணுக்கடியிலிருந்து எழும் அந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள், பெயரும் வைத்திருப்பார்கள். அவர்களை அணுகிக் கேட்டு, அந்தப் பெயரை எழுதி வைக்க வேண்டும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். பெயரோடு உரிமையும் வருகிறது. இதற்கு நமது மலைத்தொடரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1987-இல் அகத்திய மலையின் மேற்குப் பக்கத்தில் புஷ்பாங்கதன் என்ற விஞ்ஞானியின் கோஷ்டியார் காணிக்காரர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு ஏறினார்கள். படித்தவர்கள் களைத்துப்போனார்கள், காணிக்காரர்கள் ஒரு செடியின் சிறு காய்களை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்று அவர்கள் சொன்ன அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உண்டாயிற்று. அதைச் செய்யும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு 10 லட்ச ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு 2 வீதத்துக்கும் விடப்பட்டது. அதில் பாதி காணிக்காரர்களைச் சேரவேண்டும் என்று ஏற்பாடாகி, 1997-இல் அவர்களுக்கென ஒரு தர்ம ஸ்தாபனமும் ஏற்பட்டது. தொகை பெரிதன்று, நிறைவேற்றத்திலும் குறைகள் இருந்தன. ஆனால், அறிவைக் கொடுத்தவனுக்கு அதன் பலனில் பங்கு உண்டு என்ற தர்மம் உலகமே எடுத்துப் பேசும்படி இந்த மலையில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதுவே பெரிய காரியம்.

அந்தத் தர்மத்துக்குச் சட்டத்திலும் இடம் ஏற்பட்டது. 2002-ஆம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்தும் நகர சபையும் ஒரு நிர்வாகக் குழுவை அமைக்க வேண்டும். ஊரிலுள்ள மரம் செடி கொடிகளையும், பிராணிகளையும், அவற்றைப் பற்றி ஜனங்கள் அறிந்தவற்றையும் ஊராரைக் கேட்டே எழுதி, மக்கள் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். சட்டம் வந்து பதினைந்து வருஷங்களுக்கு மேலாகியும் தேசமெங்கும் வேலை நடக்கவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரியைக் கெடுவாக வைத்து, தவறும் மாகாணங்கள் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும் என்று மிரட்டிய பின்னரே குழுக்களும் பதிவேடுகளும் அவசரமாகத் தோன்றின. அவசரத்தில் எழுதிய ஏடு எத்தகையதாக இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இதற்கிடையில், 2023-இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஏட்டில் ஏறிய பாரம்பரிய வைத்திய அறிவைப் பயன்படுத்துவோர் பலனைப் பகிர்ந்தளிக்க வேண்டியதில்லை என்று விலக்களித்தார்கள். குற்றத்துக்குச் சிறைவாசத்தை நீக்கி அபராதத்தோடு நிறுத்தினார்கள். வியாபாரம் பெருகட்டும் என்பது சர்க்காரின் வாதம். பெருகட்டும். ஆனால் சொத்துக்கு உடையவனைக் கேளாமல் குத்தகையைத் தளர்த்துவது எந்த நியாயம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்த இடத்தில் இரண்டு தரப்பார் நம்மை மறுப்பார்கள். ஏழைக்குக் கஞ்சியில்லாத நாட்டில் தவளையைப் பற்றித் தலையங்கமா என்பார் ஒரு சாரார். அவர்களைக் கேட்கிறோம்: சிற்றாறு எங்கிருந்து வருகிறது? தென்காசி வட்டாரத்து வயல்களை நனைத்துத் தாமிரவருணியோடு கலக்கும் அந்த நீர் மேகத்திலிருந்து நேரே வாய்க்காலுக்கு வந்துவிடவில்லை. மலைமேல் இருக்கும் சோலைகளும், அவற்றின் சருகு மண்ணும், வேர்களும் மழையைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக விடுவதனாலேயே மழை ஓய்ந்த பின்னும் ஓடையில் நீர் ஓடுகிறது. அந்தப் பறவை இல்லாத சோலை, அந்தத் தவளை இல்லாத ஓடை, ஏற்கெனவே கெட்டுவிட்ட சோலை, கெட்டுவிட்ட ஓடை. கணக்கப்பிள்ளை பொய்க் கணக்கு எழுதலாம்; தவளை எழுதாது. மற்றொரு சாரார், இதெல்லாம் நமது முன்னோர் அறியாததா, சித்தர்கள் எழுதி வைக்காததா என்பார்கள். முன்னோரிடம் நமக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மரபணுவைப் பிரித்துப் பார்த்து வம்சம் வகுத்தவர்கள் இக்காலத்து இளைஞர்களே. தாத்தாவின் புகழைச் சொல்லிப் பேரனின் உழைப்பை மறைப்பது தாத்தாவுக்கும் பெருமையன்று.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதையும் பார்ப்போம். பாறையைக் கவ்விக்கொண்டு ஓடுநீரில் வாழும் அந்தக் குஞ்சுக்குக் கால் முளைத்துக் கரையேற மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. அத்தனை நாளும் ஓடை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் நீரைத் திருப்பிவிட்டாலும் அந்த வருஷத்துச் சந்ததி அத்துடன் முடிந்தது. மலையடிவாரத்து ஓடைகளுக்கு நேர்ந்து வருவது என்ன? தென்காசி, குற்றாலப் பகுதியில் தனியார் விடுதிகள் சில, அருவிகளின் இயற்கைப் போக்கைத் திருப்பித் தங்கள் சுவர்களுக்குள் செயற்கை அருவிகளை அமைத்திருக்கின்றன என்ற வழக்கு 2022-இல் ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை முன் வந்தது. நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்து, அத்தகைய விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார்கள். அருவியையே பூட்டி வைத்துச் சீட்டு விற்கத் துணிந்த பேராசை, ஓர் ஓடையில் தவளைக் குஞ்சு இருக்கிறதா என்று நின்று பார்க்குமா? கோர்ட்டு உத்தரவு எழுதலாம். ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு நீதிபதியைக் காவல் வைக்க முடியாது. ஓடையின் பக்கத்தில் வாழும் ஜனங்கள்தான் காவல். தாம் காப்பது என்ன என்று தெரிந்தால் அல்லவோ அவர்கள் காப்பார்கள்?

ஆகவே, செய்ய வேண்டியவற்றை வெளிப்படையாகச் சொல்லுகிறோம். 2019-இல் தென்காசி தனி ஜில்லாவாயிற்று. கலெக்டர் கச்சேரியும் இதர காரியாலயங்களும் வந்தன. இந்த ஜில்லாவுக்கு உரிய அறிவுச் சாலை ஒன்றும் வரவேண்டும். குற்றாலத்தில், அருவிக்குப் போகும் வழியிலேயே, இந்த மலையின் உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி நிலையமும், அதோடு சேர்ந்து ஜனங்கள் நுழைந்து பார்க்கத்தக்க காட்சிச் சாலையும் நிறுவப்பட வேண்டும். ஸீஸனுக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அதற்குள் நுழைந்தாலும் போதும். அங்கே எல்லாம் தமிழில் எழுதப்பட வேண்டும். சர்க்கார் பொருளுதவி பெற்று இந்த மலையில் ஆராய்ச்சி செய்வோர் ஒவ்வொருவரும், இங்கிலீஷில் கட்டுரை வெளிவரும் நாளிலேயே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் நான்கு பக்கம் எழுதி ஜில்லாவிலுள்ள பள்ளிகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

மற்றது நமது தொண்டர்கள் செய்ய வேண்டியது. அடுத்த கிராம சபை கூடும்போது எழுந்து நின்று, ஊரின் உயிரியல் பதிவேட்டை மேஜைமேல் வைக்கும்படி கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். இருந்தால் பிரித்துப் படியுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி வேறோர் ஊரின் பட்டியலை எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பளியரையும், காணிக்காரரையும், ஆடு மேய்ப்பவரையும், மருத்துவச்சியையும் கேட்டு எழுதியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரோடு எழுதச் செய்யுங்கள். எவனாவது நாளைக்கு அந்த அறிவை எடுத்துக்கொண்டு போய் வியாபாரம் செய்ய முற்பட்டால், அந்த ஏடுதான் ஏழையின் பக்கத்துச் சாட்சி. பத்திரம் இல்லாத நிலத்துக்கு வழக்காடியவர்களுக்குத் தெரியும், எழுதி வைத்த ஒரு வரியின் விலை.

வரும் ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை வந்து மலைமேல் இறங்கும். கிழக்குச் சரிவின் மண்ணுக்கடியில், கோடிக்கணக்கான வருஷங்களாகத் தவறாமல் எழுந்து வந்த அந்தக் குலம் மறுபடியும் குரல் கொடுக்கும். அக்குரலைப் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பிரஸ்ஸெல்ஸிலும் அறிவார்கள். தென்காசிச் சீமையிலும் அறிந்தார்கள் என்று சொல்லும் நிலையை உண்டாக்குவது நமது கடமை.